பெல்ஃபாஸ்டிலிருந்து ஒரு கடிதம்: பிரடெரிக் டக்ளஸ் தன் நூலை விற்ற வரலாறு



நினைவுச் சொற்பொழிவு என்றால் கோட்பாடு பேசவேண்டும் என்றொரு வழக்கம் நம்மிடையே உருவாகியிருக்கிறது. இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது சில கடிதங்களை. அவற்றில் கோட்பாடு தேடினால் கிடைக்காது. எத்தனை பிரதி தீர்ந்தது, இன்னும் எத்தனை வேண்டும், முகப்பில் எந்தப் படம், முன்பக்கத்தில் யாருடைய சான்றுரை, பணம் யார் கையில் சேருகிறது என்பவைதான் அவற்றின் செய்திகள். எழுதியவர் பிரடெரிக் டக்ளஸ். எழுதப்பட்ட காலம் 1845இன் கடைசி மாதங்களும் 1846இன் முற்பாதியும். பெரும்பாலும் டப்ளின் நகரத்து அச்சகக்காரர் ரிச்சர்ட் வெப்புக்கு எழுதப்பட்டவை.

டக்ளஸை நாம் அறிவோம். மேடைகளில் அவர் பெயரைச் சொல்கிறோம். புலேயைப் பேசும்போது, அவர் 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி'யை அமெரிக்க அடிமை ஒழிப்புக்கு உழைத்த மக்களுக்குக் காணிக்கையாக்கினார் என்பதையும் சேர்த்தே பேசுகிறோம். ஆனால் நாம் நினைவில் வைத்திருக்கும் டக்ளஸ் பேச்சாளர். நூற்கட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன டக்ளஸை நாம் அதிகம் கண்டுகொண்டதில்லை. ஒடுக்கப்பட்டவரின் எழுத்தை 'குரல்' என்று புகழ்வதற்கு எல்லோரும் இருக்கிறார்கள். அந்தக் குரலுக்கு அச்சுக்கூலி யார் கொடுத்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

1845இல் டக்ளஸ் சட்டப்படி ஓர் அடிமை. 1838 செப்டம்பரில் பால்டிமோரிலிருந்து தப்பி வந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. மாசசூசெட்சில் மனைவி அன்னாவோடும் நான்கு குழந்தைகளோடும் வாழ்ந்தார், அடிமை ஒழிப்புச் சங்கத்தின் பேச்சாளராகக் கூட்டங்களுக்குப் போனார். ஆனாலும் மேரிலாந்தைச் சேர்ந்த ஆல்ட் குடும்பத்துக்கு அவர் மாட்டையும் நிலத்தையும் போல ஓர் உடைமைதான். கூட்டங்களில் அவர் பேசிய தெளிவைக் கேட்டவர்கள், 'இவன் அடிமையாக இருந்திருக்க முடியாது' என்று சந்தேகப்பட்டார்கள். ஒடுக்கப்பட்டவர் நன்றாகப் பேசினால் அவர் ஒடுக்கப்பட்டவரே அல்ல என்று தீர்ப்பெழுதும் பழக்கம் நமக்கும் தெரிந்ததுதான். அந்தச் சந்தேகத்துக்குப் பதிலாகவே அவர் தன்வரலாற்றை எழுதினார். பிறந்த ஊர், எசமானர்களின் பெயர்கள், அடித்தவர்கள், அடிபட்டவர்கள் எல்லாவற்றையும் அதில் பெயர் சொல்லி வைத்தார். 1845இல் பாஸ்டனில் அடிமை ஒழிப்புச் சங்க அலுவலகம் அதை வெளியிட்டது. விலை 50 சென்ட். தலைப்பிலேயே 'அவராலேயே எழுதப்பட்டது' என்ற சொற்கள் இருந்தன. அதற்கும் முன்னால் வில்லியம் லாயிட் கேரிசனின் முன்னுரையும் வெண்டல் பிலிப்சின் கடிதமும் இடம்பெற்றிருந்தன. இரண்டு வெள்ளையர்கள் வாசலில் நின்று, 'உள்ளே இருப்பவர் உண்மையானவர்தான்' என்று சொன்ன பிறகே வாசகர் உள்ளே போகலாம்.

நூல் விற்றது. விற்பனையோடு ஆபத்தும் வந்தது. பெயர்களைச் சொன்னதால் எசமானருக்கு முகவரி கொடுத்தாகிவிட்டது. ஆகவே 1845 ஆகஸ்ட் 16 அன்று 'கேம்ப்ரியா' கப்பலில் பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். கூட வந்தவர் லின் நகரத்து ஜேம்ஸ் பஃபம். லிவர்பூலில் இறங்கி, ஆகஸ்ட் முடிவதற்குள் டப்ளின் சேர்ந்தார்.

வெப் யார்? குவேக்கர் குடும்பத்தவர், அயர்லாந்தின் அடிமை ஒழிப்பு இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், அச்சகம் வைத்திருந்தவர். கிரேட் பிரன்ஸ்விக் தெருவிலிருந்த அந்த வீட்டில்தான் டக்ளஸ் தங்கினார். வெப் - சாப்மன் அச்சகத்தில் நூலின் அயர்லாந்துப் பதிப்பு 2,000 பிரதிகள் அச்சாயின. பதிப்பகம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. நண்பரின் அச்சகமும் எழுத்தாளரின் தோளும்தான். கூட்டம் நடக்கும், டக்ளஸ் பேசுவார், பேச்சு முடிந்ததும் நூல் விற்பனை. நம் கூட்ட அரங்குகளின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் தோழர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் பெல்ஃபாஸ்டிலிருந்து வெப்புக்கு ஒரு கடிதம் போகிறது. முந்தைய இரவுக் கூட்டத்தில் கையிலிருந்த நூல்கள் அத்தனையும் ஒரே வீச்சில் தீர்ந்துவிட்டன, இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று இரண்டு முறை எழுதுகிறார். காலைப் பத்திரிகை கூட்டத்தைப் பற்றி நல்லபடியாக எழுதியிருப்பதையும் சேர்த்துக்கொள்கிறார். அந்தக் கடிதத்தின் உற்சாகம் 27, 28 வயது இளைஞனின் உற்சாகம். ஆனால் அதைப் புரிந்துகொள்ள அவருடைய நூலுக்குள்ளேயே இருக்கும் இன்னொரு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

பால்டிமோர் கப்பல் தளத்தில் அவர் செய்தது கலப்பத்து வேலை, அதாவது பலகை இடுக்குகளில் நார் திணித்து நீர் புகாமல் அடைக்கும் வேலை. நாளைக்கு ஒன்றரை டாலர் கூலி. சனிக்கிழமை இரவு வந்ததும் வாரக் கூலி முழுவதையும் ஹியூ ஆல்ட் கையில் கொடுக்கவேண்டும். ஆறு டாலர் கொண்டுபோய்க் கொடுத்தால் எசமானர் சில சமயம் ஆறு சென்ட் திருப்பித் தருவாராம், ஊக்கப்படுத்துவதற்காக. அந்த ஆறு சென்ட் தன்னை எப்படிக் குத்தியது என்று டக்ளஸ் எழுதுகிறார். ஒரு பகுதியைத் திருப்பித் தருவதே, முழுவதும் என்னுடையது என்பதை எசமானர் ஒப்புக்கொள்வதுதானே என்பது அவர் வாதம். கூலி உழைப்பையும் தானத்தையும் பற்றிச் சமூகவியல் வகுப்பில் நாம் எத்தனையோ படித்தோம். இந்த ஆறு சென்ட்டை விடத் தெளிவாக அதை விளக்கும் பாடம் கிடைப்பது கடினம்.

அந்த மனிதர்தான் பெல்ஃபாஸ்டில், தான் எழுதியதைத் தானே விற்று, பணத்தைத் தானே எண்ணுகிறார். எசமானரின் சட்டம் செல்லும் நிலத்தில் இருந்திருந்தால் அந்தக் காசும் எசமானருடையது. அடிமைக்குச் சொத்துரிமை கிடையாது, எழுதிய நூலும் அவருடையதாகாது. கடலைத் தாண்டிய இடத்தில் அது அவருடையதாயிற்று.

ஓர் இடைக்குறிப்பு. அந்த இலையுதிர்காலத்தில்தான் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கத் தொடங்கியது. டக்ளஸ் பேசிய அரங்குகளுக்கு வெளியே குடிசைகளில் வறுமை மூச்சுமுட்டக் கிடந்தது. அதை அவர் பார்க்காமல் இல்லை. 1846 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் மான்ட்ரோசிலிருந்து கேரிசனுக்கு எழுதியபோது, டப்ளினின் பிச்சைக்காரர்களையும் சன்னலற்ற மண்குடிசைகளையும் விரிவாகச் சொன்னார். அவருடைய நூலை வாங்கியவர்கள் அந்தக் குடிசைக்காரர்கள் அல்லர். நகரத்து நடுத்தர வர்க்கத்தினரும் குவேக்கர்களும் சபைக்குப் போகும் கனவான்களும்தான் வாங்கினார்கள். விடுதலை இலக்கியத்துக்கு வாசகராக வருபவர் யார் என்ற கேள்வி அன்றும் இருந்தது. அதற்கு டக்ளசிடம் பதில் இருந்ததாக நாம் நினைக்கவில்லை. அவர் கூட்டத்துக்கு வந்தவர்களிடம் விற்றார்.

அந்தக் கனவான்களை வைத்துத்தான் வெப்புடன் முதல் உரசல் வந்தது. பெல்ஃபாஸ்டில் தாமஸ் ட்ரூ, ஐசக் நெல்சன் என்ற இரண்டு மதகுருமார்கள் நூலைப் பாராட்டி எழுதிக்கொடுத்தார்கள். இரண்டாம் பதிப்பில் அதைச் சேர்க்கவேண்டும் என்றார் டக்ளஸ். வெப்புக்குப் பாதிரிமார்கள் என்றாலே ஒவ்வாமை. அமெரிக்கச் சபைகள் அடிமை முறைக்குத் துணைபோனதை வைத்துப் பார்த்தால் அந்த ஒவ்வாமையில் நியாயம் இருந்தது. டக்ளசும் அந்தச் சபைகளைத் தாக்கி நூலின் பின்னிணைப்பிலேயே எழுதியவர்தான். இருந்தும் அவர் விடவில்லை. பாதிரியார் என்ற ஒரே காரணத்துக்காக விலக்கினால், நாம் யாரைக் குறுகிய மனத்தவர் என்கிறோமோ அவர்களைவிடக் குறுகியவர்களாகிவிடுவோம் என்பது அவர் எழுதியதன் சாரம். சான்றுரைகள் அச்சேறின.

இந்த இடத்தில் நம்மிடையே கருத்து வேறுபாடு வரலாம். சான்றுரை என்பதே ஓர் அவமானம் அல்லவா? நம்மில் ஒருவர் கையெழுத்துப் பிரதியோடு ஒரு பதிப்பாளரிடம் போனபோது, 'எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, பெயருள்ள ஒருவரிடம் முன்னுரை வாங்கி வந்துவிடுங்கள்' என்று திருப்பி அனுப்பப்பட்டதை இங்கே பலர் அறிவார்கள். பெயருள்ள ஒருவர் என்றால் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்று சொல்லவேண்டியதில்லை. பாஸ்டன் பதிப்பின் முன்னுரைகளும் ஏறக்குறைய அப்படிப்பட்டவைதான். டப்ளினில் மாறியது என்னவென்றால், யாருடைய சான்று வேண்டும் என்பதை நூலாசிரியரே முடிவு செய்தார். பெல்ஃபாஸ்டின் சபைக்காரர்கள் ஒரு கறுப்பினத்தவரின் சொல்லை நம்பாவிட்டாலும் தங்கள் பாதிரியாரின் சொல்லை நம்புவார்கள் என்று கணக்குப் போட்டார். அவமானத்தை அவர் ஒழிக்கவில்லை. அதை வைத்துப் பிரதிகளை விற்றார். அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அதைவிடச் சுவையான சான்றுரை ஒன்று தானாகவே வந்து சேர்ந்தது. மேரிலாந்தில் டக்ளஸை அறிந்திருந்த ஏ. சி. சி. தாம்ப்சன் என்பவர், நூல் முழுக்கப் பொய் என்று டெலவேர் பத்திரிகை ஒன்றில் எழுதினார். எசமானர்கள் எல்லாம் நல்லவர்கள் என்றார். தனக்குத் தெரிந்த ஃபிரடெரிக் பெய்லி என்ற அடிமை படிப்பறிவற்றவன், இப்படி ஒரு நூலை எழுதியிருக்கவே முடியாது என்றார். டக்ளஸ் 1846 ஜனவரி 27 அன்று பெர்த் நகரிலிருந்து பதில் எழுதினார். பதிலின் தொனி நன்றி சொல்லும் தொனி. ஐயா, நான் அடிமையாக இருந்ததே இல்லை என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், நீங்களோ என்னை அங்கே அடிமையாகப் பார்த்ததாகச் சாட்சி சொல்லிவிட்டீர்கள், நான் பெயர் சொன்ன மனிதர்களும் அங்கே உண்டு என்று உறுதிப்படுத்திவிட்டீர்கள் என்று எழுதினார். அதோடு நிற்கவில்லை. தாம்ப்சனின் கடிதத்தையும் தன் பதிலையும் இரண்டாம் அயர்லாந்துப் பதிப்பில் சேர்த்து அச்சிட்டார். கேரிசன் கொடுத்த சான்றைவிட எதிரி கொடுத்த சான்று உறுதியானது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்தது படம். நூலின் முகப்பில் ஆசிரியரின் உருவப்படம் இருந்தது. 1846 ஏப்ரலில் வெப்புக்கு எழுதிய கடிதத்தில், புதிய பதிப்பின் படம் தனக்குப் பிடிக்கவில்லை என்கிறார். கோபத்தோடு அல்ல, இருக்கும் நிலையைச் சொல்கிறேன் என்கிறார். வெப்புக்கு இது வீண் பிடிவாதமாகப் பட்டிருக்கலாம். ஆனால் 1849இல் தன் பத்திரிகையில் ஒரு நூலுக்கு மதிப்புரை எழுதியபோது டக்ளஸ் இதை விளக்கமாகச் சொன்னார். வெள்ளை ஓவியர்களின் கையில் கறுப்பினத்தவர்களுக்கு நடுநிலையான உருவப்படம் கிடைப்பதே இல்லை, மனத்தில் ஏற்கெனவே ஒரு கறுப்பு முகத்தை வைத்துக்கொண்டுதான் அவர்கள் வரைகிறார்கள் என்றார். அந்த நூலிலிருந்த தன் படத்தையும் விடவில்லை. தப்பியோடிய அடிமையின் முகத்துக்கு வேண்டியதைவிட அதிகமான கனிவை அதில் வரைந்துவிட்டார்கள் என்று கேலி செய்தார். அவர் பின்னாளில் 160 முறைக்கும் மேல் புகைப்படத்துக்கு அமர்ந்தார். அவற்றில் சிரித்த முகத்தைத் தேடித்தான் பார்க்கவேண்டும். பிரதிகளை விற்கும் அவசரத்திலும் தன் முகம் எப்படி விற்கப்படுகிறது என்பதைக் கவனித்த மனிதர் அவர்.

இனிப் பணம். இதுதான் கடிதங்களிலேயே கனமான பகுதி.

பாஸ்டனில் மரியா வெஸ்டன் சாப்மன் என்ற அம்மையார் அமெரிக்கச் சங்கத்தின் முக்கிய நிர்வாகி. 1840இல் அடிமை ஒழிப்பு இயக்கம் இரண்டாகப் பிளந்திருந்தது. லண்டன் குழு எதிர்முகாம். டக்ளஸ் பிரிட்டனில் புகழ்பெறுவதைப் பார்த்த சாப்மன் வெப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். பஃபம் வசதியானவர், அவரைப் பற்றிக் கவலையில்லை. டக்ளஸ் ஏழை, லண்டன்காரர்கள் பணத்தைக் காட்டி இழுத்துவிடக்கூடும், ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் செய்தி. வெப் அதை டக்ளசுக்கே வாசித்துக் காட்டிவிட்டார். நேர்மையாலா, கவனக்குறைவாலா? இரண்டும் கலந்திருக்கும்.

1846 மார்ச் 29 அன்று கில்மார்னாக்கிலிருந்து சாப்மனுக்கு டக்ளஸ் எழுதிய பதில் மரியாதை குறையாதது. ஆனால் ஒவ்வொரு வரியும் அளந்து வைக்கப்பட்டது. தன் மேல் நம்பிக்கை இல்லாததை அந்தக் கடிதம் காட்டிவிட்டது என்கிறார். தன் செலவுக்கு யாரிடமும் கையேந்தவில்லை, நூல் விற்பனையை நம்பியே நடக்கிறேன் என்கிறார். பிறகு முக்கியமானதைச் சொல்கிறார். என்னைச் சங்கத்தைவிட்டு விரட்ட வேண்டுமானால் என் மேல் ஒரு மேற்பார்வையாளரை வையுங்கள், காரியம் முடிந்துவிடும்.

'மேற்பார்வையாளர்' என்று அவர் எழுதிய சொல் பண்ணையில் சவுக்கோடு நிற்கும் கங்காணிக்கு உரிய சொல். சாப்மன் அதைப் புரிந்துகொள்ளாமல் இருந்திருக்க முடியாது. நட்பு சக்திகள் என்று நாம் அழைப்பவர்களிடம் இதைச் சொல்வதற்கு என்ன வேண்டும்? துணிவு வேண்டும் என்போம். ஆனால் துணிவு மட்டும் போதுமானால் அவர் அதற்கு முன்பே சொல்லியிருப்பார். கில்மார்னாக்கில் அவர் பையில் நூல் விற்ற காசு இருந்தது. சங்கம் நாளைக்கே கைவிட்டாலும் அடுத்த ஊருக்கு வண்டிக்கூலி இருந்தது.

வெப் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டார்? டக்ளஸ் கர்வம் பிடித்தவர், எளிதில் மனத்தாங்கல் கொள்பவர் என்று சாப்மனுக்குப் புகார் எழுதினார். வெப் கெட்டவர் அல்லர். நூலை அச்சிட்டுக்கொடுத்தவர், வீட்டில் சோறு போட்டவர். ஒரு கறுப்பினத்தவர் விருந்தாளியாக இருந்தபோது வராத சங்கடம், அவர் வாடிக்கையாளராகி அச்சுப்பிழையையும் படத்தையும் பற்றிக் கேள்வி கேட்டபோது வந்துவிட்டது. நமது தோழமை முகாம்களில் இதே நாடகம் எத்தனை முறை அரங்கேறியிருக்கிறது என்பதை இங்கே கூடியிருப்பவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்தே அறிவார்கள்.

இன்னொருவரையும் நினைவுகூரவேண்டும். அவர் லின் நகரத்தில் காலணி தைத்துக்கொண்டிருந்தார். அன்னா டக்ளஸ். கணவர் கடல் கடந்திருந்த காலத்தில் காலணித் தொழிலில் கூலி வேலை செய்து குழந்தைகளைக் காப்பாற்றினார், கணவர் அனுப்பிய பணத்தை ஏறக்குறைய அப்படியே சேர்த்து வைத்தார் என்று மகள் ரொசெட்டா பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பெல்ஃபாஸ்ட் விற்பனைக்குப் பின்னால் இந்தத் தையல் கூலியும் நின்றது. அன்னாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் கடிதங்களில் அவர் குரல் இல்லை.

டக்ளசுக்கு முன்பே இந்த வழியில் நடந்தவர் மோசஸ் ரோப்பர். வட கரோலினாவில் பிறந்து, தப்பித்து, 1835இல் இங்கிலாந்து வந்தவர். அவர் நூல் 1837இல் லண்டனில் வெளிவந்தது. பிறகு வெல்ஷ் மொழியிலும் வந்தது. 1844இல் லண்டன் குழுவுக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 25,000 பிரதி, வெல்ஷில் 5,000 பிரதி விற்றதாகவும், 2,000க்கும் மேற்பட்ட இடங்களில் பேசியதாகவும் அதில் கணக்குச் சொல்கிறார். எவ்வளவு பெரிய எண்ணிக்கை! ஆனால் கடிதம் எழுதப்பட்ட காரணம் வேறு. தென்னாப்பிரிக்காவுக்குப் போய் விவசாயம் செய்ய உதவி கேட்கிறார். நூல் விற்று ஊர் ஊராகப் போனதையே பிச்சையெடுப்பு என்று பழித்த முன்னாள் ஆதரவாளர்களும் அவருக்கு இருந்தார்கள். 30,000 பிரதி விற்றவருக்கும் ஒரு துண்டு நிலம் சேரவில்லை. விற்பனை விடுதலை தரும் என்று யாராவது எளிதாகச் சொன்னால் இந்தக் கடிதத்தைக் காட்டவேண்டும்.

பெண்ணுக்கு நிலைமை இன்னும் கடினம். ஹாரியட் ஜேக்கப்ஸ் தாதி வேலை பார்த்துக்கொண்டே இரவுகளில் எழுதினார். அவருடைய நூலை ஏற்றுக்கொண்ட பாஸ்டன் பதிப்பகம் அச்சாகும் முன்பே நொடித்துப்போனது. அச்சுத் தகடுகளைத் தானே வாங்கி, 1861இல் 'ஆசிரியருக்காக' என்று போட்டு வெளியிட்டார். அவர் தோழி ஏமி போஸ்ட்டுக்கு எழுதிய கடிதங்கள் தனியொரு சொற்பொழிவுக்கு உரியவை.

டக்ளஸ் கதையின் எஞ்சிய பகுதி விரைவானது. நியூகாசிலின் ரிச்சர்ட்சன் குடும்பத்துப் பெண்கள் பணம் திரட்டி, 150 பவுண்ட் கொடுத்து, 1846 டிசம்பரில் ஹியூ ஆல்டிடமிருந்து அவருக்கு விடுதலைப் பத்திரம் வாங்கினார்கள். மனிதனுக்கு விலை கொடுப்பதா என்று தூய்மைவாதிகள் கண்டித்தார்கள். கண்டித்தவர்களில் யாரும் அடிமையாக இருந்ததில்லை. பாஸ்டனில் 50 சென்ட்டுக்கு விற்ற நூலை எழுதியவரின் விலை, அமெரிக்கப் பணத்தில் 711 டாலர் 66 சென்ட்.

1847 ஏப்ரலில் அதே கேம்ப்ரியாவில் திரும்பினார். முழுக் கட்டணம் செலுத்தியிருந்தும், பொது அறையில் மற்றப் பயணிகளோடு உட்காரக்கூடாது என்றார்கள். பிரிட்டிஷ் நண்பர்கள் திரட்டிக்கொடுத்த பணத்தில் பத்திரிகை தொடங்கப்போகிறேன் என்றபோது கேரிசன் முகாம் தடுத்தது. ஏற்கெனவே பத்திரிகைகள் இருக்கின்றன, நீங்கள் பேச்சாளராகவே இருங்கள் என்றார்கள். அவர் பாஸ்டனைவிட்டு விலகி ராச்செஸ்டர் போனார். 1847 டிசம்பர் 3 அன்று 'நார்த் ஸ்டார்' வெளிவந்தது, ஆண்டுச் சந்தா 2 டாலர். நம் ஊரில் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழ'னைக் கொண்டுவந்தபோது விலையையே பெயராக வைத்தார். விலையைச் சொல்ல இவர்கள் இருவருமே வெட்கப்படவில்லை.

சந்தா போதவில்லை. அடுத்த ஆண்டே வீட்டை அடமானம் வைக்கவேண்டி வந்தது. 1849இல் இங்கிலாந்திலிருந்து ஜூலியா கிரிஃபித்ஸ் வந்து கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். பத்திரிகையின் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் தனித்தனியாகப் பிரித்தார், நிலுவைச் சந்தாக்களை வசூலித்தார், கடனை அடைக்க வழி செய்தார். 'நார்த் ஸ்டார்' தொடர்ந்து வெளிவந்தது.